சிம்சோனுக்கு முடிவெட்டியவன்

ஹெல்மெட்டைக் கழற்றாமல் சலூன் நாற்காலியில் உட்கார்ந்த ஆளை இத்தனை வருஷத் தொழிலில் நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். முதல் ஷிஃப்ட் விட்டு கம்பெனி பஸ்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. வெளியே ஓசூருக்கே உரிய தூறல்; ஒழுங்காக நனைக்கவும் செய்யாது, நிற்கவும் செய்யாது. ஒரு பெரியவருக்குச் சவரம் முடித்து, படிகாரக் கல்லைத் தேய்த்து அனுப்பிவிட்டு, டீக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பைக்கை நிறுத்திவிட்டு ஒருவன் விறுவிறுவென்று உள்ளே வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். ஹெல்மெட் தலையிலேயே இருந்தது.

"தம்பி, அதக் கழட்டினாத்தான் நான் ஏதாச்சும் செய்ய முடியும்," என்றேன்.

"அண்ணா, மொதல்ல ஷட்டர எறக்கு."

குரலைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. ஜெபராஜ்! எங்கள் சபையின் வாலிபர் தலைவன். ஊரில் யார் தலையில் வேண்டுமானாலும் கத்தரி வைக்கலாம், அவன் தலையில் வைக்க முடியாது. அந்தத் தலையை நம்பித்தான் எங்கள் பாஸ்டர் ஏழு வாரப் பிரசங்கமே வைத்திருந்தார்.

சபையின் பெருமை

சூளகிரி ரோட்டில் நான் முதலில் போட்ட தகரக் கொட்டகை சலூனைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, 'சபைக்குப் போன கதையை மட்டும் ஏன் ஐயா மறைக்கிறீர்?' என்று ஒரு வாசகர் கோபித்துக் கடிதம் போட்டிருக்கிறார். மறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இந்த வாரம் அந்த வெட்கத்தையே எழுதிவிடுகிறேன்.

எங்கள் சபை தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. அல்லேலூயா சொல்லும்போதே கீழே ஏர் கம்ப்ரெஸர் புஸ்ஸென்று ஆமென் சொல்லும். முக்கால்வாசிப் பேர் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பாஸ்டரும் திருநெல்வேலிப் பக்கம். என்னைப்போல இந்த மண்ணுக்காரர்கள் ஐந்தாறு பேர் இருந்தோம்.

ஜெபராஜ் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஏழு வருஷமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒரு உபவாசக் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கி, "எனக்கு வேலை பெர்மனென்ட் ஆகுற வரைக்கும் என் தலையில கத்தி படாது!" என்று ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு பொருத்தனை பண்ணிவிட்டான். பாஸ்டருக்கு ஆனந்தக் கண்ணீர். "நம்ம மத்தியில ஒரு சிம்சோன் எழும்பிட்டான் பாத்தீயளா!" என்றார்.

வேதத்தில் வருகிற சிம்சோனுக்கு, தலையில் கத்தி படாதவரை அசுர பலம். அன்றிலிருந்து இவன் பெயரே சிம்சோன். முடி தோளைத் தொட்டது, பிறகு முதுகுக்கு இறங்கியது. கன்வென்ஷன் ஃபிளக்ஸில் அவன் முடியை விரித்துப்போட்டு நிற்கிற படம்தான் பெரிதாக இருந்தது. பாஸ்டர் ஓரத்தில் ஸ்டாம்ப் அளவுக்கு இருந்தார், ஆண்டவருக்கு இடமே இல்லை. கம்பெனியில் மட்டும் அதைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்துக்கொள்வான். மூன்று வருஷம் ஆயிற்று. முடி வளர்ந்த வேகத்துக்கு வேலை வளரவில்லை.

அவனுடைய மனைவி மஞ்சுளா, எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியைச் சேர்ந்த கன்னடப் பெண். அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவள். இவனைக் கட்டிக்கொண்டதற்காக வீட்டார் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பாஸ்டர் நாள் குறித்திருந்தார். அது அவளுக்குச் சடங்கு மட்டுமல்ல. பிறந்த வீடு போன பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்த டயர் கடை மாடிதான்.

ஏழு பாடங்கள்

'சிம்சோனின் வாழ்க்கையிலிருந்து ஏழு பாடங்கள்' என்று வாரம் ஒன்றாக வைத்தார் பாஸ்டர். சிம்சோனுக்கு ஏழு ஜடை, அதனால் ஏழு பாடமாம். முதல் பாடம், கண் பார்த்த பெண்ணின் பின்னால் போகாதே. இரண்டாவது பாடம், பெண்ணிடம் ரகசியம் சொல்லாதே. மூன்றாவது பாடம், பெண்ணின் கண்ணீரை நம்பாதே. மீதி நாலும் எந்தத் திசையில் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நானும் வேதம் வாசிக்கிறவன்தான். சிம்சோன் என்ன செய்தான்? பந்தயத்தில் தோற்று, சட்டை கொடுக்க வேண்டி வந்ததற்காகச் சம்பந்தமே இல்லாத முப்பது பேரைக் கொன்று துணியை உருவினான். நரிகளைப் பிடித்து வாலில் தீப்பந்தம் கட்டி, அறுப்புக்கு நின்ற வயலில் ஓட்டிவிட்டான். நான் பாரூர்க்காரன். ஏரித் தண்ணீர் கடைமடைக்கு வருமா வராதா என்று வாய்க்கால் மேட்டில் காவல் இருந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் ஒருத்தன் அப்படித் தீ வைத்திருந்தால் மரத்தில் கட்டி வைத்திருப்பார்கள். சபையில் அவனுக்குக் கைதட்டு!

எதிரிகளிடம் காசு வாங்கிக்கொண்டு சிம்சோனைக் காட்டிக்கொடுத்த அவன் காதலி தெலீலாள் விஷயத்துக்கு வாருங்கள். உன் பலம் எதிலே என்று கேட்கிறாள். பொய் சொல்கிறான். அவள் கட்டிப்போட்டு ஆளைக் கூப்பிடுகிறாள். மறுபடி கேட்கிறாள், மறுபடி பொய், மறுபடி கட்டு. மூன்று தடவை இப்படி நடந்த பிறகு, நாலாவது தடவை, முடியில்தான் பலம் என்ற உண்மையைச் சொல்லிவிட்டு அவள் மடியிலேயே படுத்துக் குறட்டை விடுகிறான்; முடியும் போகிறது, பலமும் போகிறது. இதைக் காதல் என்பதா, தூக்க வியாதி என்பதா? இதில் பாடம் பெண்ணைப் பற்றியாம்!

இதையெல்லாம் நான் அப்போது யாரிடமும் கேட்கவில்லை. பாஸ்டர் 'தலைமயிர்' என்று வாசிக்கும்போதெல்லாம் பின்வரிசையில் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். நானும் அவர்களோடு குலுங்கிவிட்டு வீடு போய்ச் சேருவேன்.

பாதி ஷட்டர்

ஷட்டரைப் பாதி இறக்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றினான். உள்ளே அடைபட்டிருந்த முடி தோளில் சரிந்து விழுந்தது. நல்லெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்த ஒரு வாடை.

"திங்கக்கெழம பெர்மனென்ட் இன்டர்வியூண்ணா. முடிய வெட்டிட்டு வந்தா வா, இல்லன்னா வராதன்னு சொல்ட்டாங்க."

"பெர்மனென்ட் ஆன பின்னாடிதானடா வெட்டணும்? உன் பொருத்தனைய நீயே தலைகீழா நிறுத்துற."

"தெரியும்ண்ணா. ஏழு வருஷம் ஆச்சு. வேற வழியே இல்ல. நீ வெட்டினன்னு மட்டும் வெளிய சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

கண்ணாடியில் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தேன். ஈர முடி கனமாகக் கையில் வந்தது. முடிந்ததும் கழுத்தில் பவுடர் போட்டுத் தட்டிவிட்டேன். வெட்டிய முடியை அங்கே விடமாட்டேன் என்று அடம்பிடித்தான். கிறிஸ்துமஸுக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்த துணிப்பை ஒன்றில் அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். பையில் 'தானியேல் சலூன், ஓசூர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. நமக்குத்தான் எங்கே பார்த்தாலும் பெயர் இருக்க வேண்டுமே!

முட்டே இல்ல

அந்த ஞாயிறு நாலாவது பாடம். ஜெபராஜ் கிராப்புத் தலையோடு உள்ளே நுழைந்ததும் பாட்டே நின்றுவிட்டது. தபேலாக்காரர் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார்.

"சிம்சோனே, உன் முடி எங்கடே?" என்றார் பாஸ்டர் மைக்கில்.

ஜெபராஜ் எழுந்தான். கம்பெனியில் கேட்டார்கள், வெட்டிக்கொண்டேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. வாலிபர் தலைவன் பதவி போயிருக்கும், அவ்வளவுதான். அவன் என்னைப் பார்த்தான். பிறகு பெண்கள் பக்கம் பார்த்தான்.

"நான் தூங்கிட்டிருந்தன் பாஸ்டர்," என்றான்.

அது ஒன்றுதான் அவன் சொன்னது. மிச்சத்தைச் சபையே எழுதி முடித்துவிட்டது. தூங்குகிறவன் தலையில் முடி போனால் யார் காரணம்? மூன்று வாரமாக இதைத்தானே படித்துக்கொண்டிருந்தோம்! எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் மஞ்சுளா பக்கம் திரும்பியது.

அவள் பதறி எழுந்து நின்றாள். பதற்றத்தில் தமிழ் போய்விட்டது. "நானு முட்டே இல்ல! தேவராணெ, நானு முட்டே இல்ல!" என்றாள்.

பின்வரிசையில் யாரோ, "முட்டையா? முட்டைய யாரு கேட்டா?" என்றார்கள். சபை கொல்லென்று சிரித்தது. பாஸ்டரும் சிரித்துவிட்டார். மூப்பர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கன்னடத்தில் முட்டு என்றால் தொடு. 'நான் தொடவே இல்லை, கடவுள் மேல் ஆணை' என்று அந்தப் பெண் சத்தியம் செய்கிறாள். திருநெல்வேலிக்காரருக்குப் புரியவில்லை, சரி. இந்த மண்ணில் பிறந்த எங்கள் ஐந்தாறு பேருக்குப் புரிந்தது. மற்றவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஏன் சிரித்தேன் என்று தெரியும். சிரிக்காமல் இருந்தால் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பார்கள்.

அதோடு அவள் பெயர் முட்டை ஆகிவிட்டது. சிறுசுகள் முட்டை என்றன, பெரியவர்கள் தெலீலாள் என்றார்கள். பெண்கள் ஐக்கியத்தில் அவள் பக்கத்துப் பாய் காலியாகவே இருந்தது. மாமியார் வீட்டில் கத்தரிக்கோலை மட்டுமில்லை, காய் நறுக்குகிற கத்தியையும் ஒளித்து வைத்தார். ஞானஸ்நானம் நின்றது. ஏழாம் பாடத்தன்று சபைக்கு முன்னால் வந்து, நான்தான் வெட்டினேன் என்று அறிக்கை செய்தால் மட்டும் ஞானஸ்நானம், இல்லையென்றால் இனி இந்த மாடி ஏற வேண்டாம் என்று பாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்.

இதற்கு நடுவில் ஜெபராஜுக்கு வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டது. மூன்று வருஷம் முடி வளர்த்துக் கிடைக்காதது, முடியை வெட்டி மூன்றே வாரத்தில் கிடைத்தது. பாஸ்டர் இதை எப்படிச் சமாளிப்பார் என்று ஆவலாக இருந்தேன். மனுஷன் அசரவில்லை. "ஸ்திரீ கவுத்தாலும் கர்த்தர் தூக்கி நிறுத்துதாரு!" என்றார். எங்கள் எல்லோர் தலையிலும் மிளகாய் அரைத்தார், நாங்கள் ஸ்தோத்திரம் சொன்னோம்.

நான் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தியம் பண்ணியிருக்கிறேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பாஸ்டரும் மூப்பர்களும் வாலிபர் கூட்டமும் மொத்தமாக என் வாடிக்கை. அந்தப் பயம்தான்.

அந்த ஒருவன்

ஏழாம் பாடத்துக்கு முந்தின நாள் மஞ்சுளா கடைக்கு வந்தாள். ஆண்கள் சலூனுக்குள் பெண்கள் வருவதில்லை. படிக்கு வெளியே நின்றாள். ஒரு கையில் கன்னட வேதாகமம், இன்னொரு கையில் ஒரு துணிப்பை. அதில் அச்சடித்திருந்த என் பெயர் உள்ளே இருந்தே தெரிந்தது.

"அண்ணா, ஒந்து விஷயம் கேக்கணும். நான் இப்பத்தான் வேதம் படிக்கிறேன், ஒவ்வொரு அக்ஷரமா. அந்தத் தெலீலா வெட்டவே இல்லையே?"

"என்னம்மா சொல்ற?"

"அவரத் தூங்க வெச்சா. ஆமா. ஆனா வெட்டுறதுக்கு வேற ஒருத்தன கூப்பிட்டா. அவன் வந்து வெட்டினான். இதுல அப்படித்தான் இருக்கு. தமிழ்ல வேற மாதிரி இருக்கா?"

என் தமிழ் வேதாகமத்தை மேசை டிராயரிலிருந்து எடுத்துப் புரட்டினேன். நாற்பது தடவை வாசித்த அதிகாரம். அவள் சொன்னபடிதான் இருந்தது. ஒருவன். பெயர் இல்லை, ஊர் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தான், சிரைத்தான், போய்விட்டான். பரம்பரைக் கிறிஸ்தவர்கள் நிறைந்த சபையில் ஒருத்தர் கண்ணிலும் படாதவன், ஞானஸ்நானம்கூட வாங்காத பெண் கண்ணில் பட்டிருக்கிறான்.

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. பாரூரில் பெரிய வீடுகளுக்கு அவர்தான் முடிவெட்டுவார், கொல்லைப் பக்கமாகப் போய். "அவன வரச் சொல்லு" என்பார்கள். கல்யாணத்துக்கும் அவன், சாவுக்கும் அவன். சாகிறவரை யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்த ஆத்திரத்தில்தான் ஓசூருக்கு வந்து போர்டில், சீப்பில், பையில் எல்லாம் என் பெயரைப் போட்டேன். சபைக்குப் போனதும் அதற்காகத்தான். அங்கே என்னைச் சகோதரர் தானியேல் என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் உருகிவிட்டேன்.

இப்போது பாருங்கள், வேதத்திலும் எங்கள் ஆள் ஒருத்தன் பெயரில்லாமல் நிற்கிறான். அவனுக்குப் பெயரில்லாதது வசதியாகிவிட்டது. செய்தது அவன், ஆயிரக்கணக்கான வருஷமாகத் திட்டு வாங்குவது தெலீலாள்.

மஞ்சுளா பையைப் படியில் வைத்தாள். "பீரோ மேல இருந்துச்சு. உங்க பேரு போட்டிருக்கு."

"இத நாளைக்கு நீயே காட்டலாமேம்மா?"

"நான் என்ன சொன்னாலும் சிரிப்பாங்கண்ணா," என்றாள். அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்களும் சிரிச்சீங்க."

போய்விட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் நான் யாருக்கும் கத்தி பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் யாருடைய காதோ போயிருக்கும்.

கடைசிக் கேள்வி

ஏழாம் பாடத்தை வேத வினாவோடு முடித்தார் பாஸ்டர். பரிசு ஒரு டிபன் பாக்ஸ். சிங்கத்தைக் கொன்றது எதனால், நரிகள் எத்தனை என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசிக் கேள்விக்கு வந்தார். மஞ்சுளா முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"சிம்சோனோட தலைமயிரச் சிரைச்சது யாரு?"

"தெலீலாள்!" சபையே ஒரே குரலில் கத்தியது.

"கரெக்ட்! மஞ்சுளா, எழும்பி முன்னால வாம்மா."

நான் எழுந்துவிட்டேன். "தப்புங்க பாஸ்டர்," என்றேன்.

"என்ன பிரதர், வேதத்தையே மாத்துதியளோ?"

"மாத்தல. நீங்களே வாசிங்க."

சிரித்துக்கொண்டே புரட்டினார். வாசித்தார். உதடு அசைந்தது, பிறகு நின்றது. மூப்பர்கள் சரசரவென்று பக்கம் திருப்பினார்கள். கீழே கம்ப்ரெஸர்கூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

"ஒருவன..." என்றார் பாஸ்டர். "ஒருவன அழைச்சிருக்கா..."

"அந்த ஒருத்தன் நான்தான்," என்றேன். கையோடு கொண்டுவந்திருந்த பையை எடுத்துக்கொண்டு நடந்து போய்ப் பிரசங்க மேடையில் கவிழ்த்தேன். மூன்று வருஷத்து முடி பாஸ்டருடைய குறிப்பு நோட்டின் மேல் பொத்தென்று விழுந்தது. "என்னக் கூப்பிட்டது பொண்டாட்டி இல்ல. சிம்சோனே நேரா வந்தாரு, ஹெல்மெட் போட்டுக்கிட்டு. முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தாரு. நான் கத்தரி வெச்சப்ப கண்ணு தெறந்துதான் இருந்துச்சு."

காலிப் பையை உதறி, பெயர் தெரிகிற மாதிரி மேடையிலேயே வைத்தேன்.

"இன்னொண்ணு. இந்தப் பொண்ணு அன்னிக்கு முட்டைக் கணக்குச் சொல்லல. நான் தொடவே இல்லன்னு சத்தியம் பண்ணுச்சு. எனக்கு அன்னிக்கே புரிஞ்சுது. புரிஞ்சும் சிரிச்சன். சிம்சோன்கிட்ட இருந்து எட்டாவது பாடம் ஒண்ணு வேணும்னா இத எழுதிக்குங்க. அவன் பொண்ணால மட்டும் கெடல, தான் பண்ணினத வேற யார் தலையிலயாச்சும் கட்டியே பழகிக் கெட்டான். நாமளும் அப்படித்தான்."

பாஸ்டர் முடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பதில் தெரியாதபோது எல்லாப் பாஸ்டர்களும் செய்வதையே அவரும் செய்தார்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. ஜெபிப்போம்."

மூடினார்கள். அதற்குப் பிறகு பாஸ்டர் என் கடைப் பக்கம் வந்ததே இல்லை. இப்போது தாடி வளர்த்துவிட்டதாகக் கேள்வி. மஞ்சுளா அடுத்த வருஷம் அத்திப்பள்ளியில் ஒரு கன்னட சபையில் ஞானஸ்நானம் எடுத்தாள். ஜெபராஜும் வாயைத் திறக்காமல் பின்னாலேயே போய் அந்தச் சபையில் சேர்ந்தான். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று ஜெபம் நீண்டுகொண்டே போனது. நான் கண்ணை மூடவில்லை. மஞ்சுளாவும் மூடவில்லை. மெல்ல எழுந்தாள். பாய்களுக்கு நடுவே நடந்து ஆண்கள் பக்கம் வந்தாள். சபையிலேயே இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் ஜெபராஜ்தான். அவன் எதிரில் நின்று கையை மடக்கி, நான் வெட்டிய கிராப்பின் நட்டநடு உச்சியில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"ஈக முட்டிதெ," என்றாள். இப்போது தொட்டேன் என்று அர்த்தம்.

அன்றைக்கு யார் காதிலும் முட்டை என்று விழவில்லை.